முதலில் தட்டைப் பாருங்கள்: ஏ.எஸ்.ராவ் நகர் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரிலும் அதை ஒட்டிய காலனிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கும், இங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நம் நகருக்குப் பெயர் தந்த அய்யகாரி சாம்பசிவ ராவ், 1967இல் உருவான ஈசிஐஎல் நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். அந்த நிறுவனத்துக்கும், பக்கத்திலேயே 1971இல் வந்த அணு எரிபொருள் வளாகத்துக்கும் ஊரை விட்டு வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்களுக்கு அன்று இருபது, இருபத்தைந்து வயது. இன்று அவர்கள் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகளில் பலர் கச்சிபௌலி பக்கமோ கடல் தாண்டியோ குடியேறிவிட்டார்கள். மீந்த வீடுகளில் இருவரோ ஒருவரோ இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசும்போது வாயில் வரும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அப்பா முன்ன மாதிரி பேசறதில்லை, அம்மாவுக்கு எதிலயும் பிடிப்பில்லை, சும்மா சும்மா கோபம் வருது, சொன்னதையே சொல்றாங்க. கடைசியில் வயசாச்சில்ல என்று முடித்துவிடுகிறோம். அப்படி முடித்துவிடுவதற்கு எதிராகத்தான் இந்த மடல். மூத்தவர்களின் மனம் ஒடுங்குவதை வயதின் கணக்கில் எழுதுவதற்கு முன், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும் என்பது என் வாதம்.

இது சில வீடுகளின் தனிக் கவலை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் மூத்தோர் நிலையைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரியது 2017-18இல் நடந்த லாசி ஆய்வு. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரைச் சந்தித்துக் கேட்ட ஆய்வு அது. அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 27 பேர் இருக்க வேண்டிய எடைக்குக் கீழே இருந்தார்கள். அதே வயதினரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், துல்லியமாக 8.3 சதவீதத்தினருக்கு, தீவிர மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் ஒரு மருத்துவர் அதைக் கண்டறிந்து சொல்லியிருக்கிறார் என்று பதில் தந்தவர்கள் 0.8 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேரின் துயரம் பெயர் சூட்டப்படாமலேயே கிடக்கிறது. உடம்பு இளைப்பதும் மனம் இளைப்பதும் ஒரே ஆய்வின் இரண்டு அட்டவணைகளாக இருப்பதால், இரண்டும் வெவ்வேறு சங்கதி என்று வாசிக்கிறோம். அந்த வாசிப்புத் தவறு என்பதற்கான பழைய சான்று நம் வீட்டிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

மௌலாலி வழியாகத் தார்நாகா போகும்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வளாகத்தைப் பலமுறை கடந்திருப்பீர்கள். அந்த நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியது அது. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி.கோபாலன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1969இல், இன்றைய பெயரைப் பெற்றது. தக்காணத்துக்கு வந்த அந்த ஆய்வாளர்கள் இங்கே ஏழை விவசாயக் கூலிகளிடம் கண்ட ஒரு நோய் பெல்லாக்ரா. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது. மூன்றாவதாக வருவது மனத்தின் பாதிப்பு. தூக்கம் போகும், எதிலும் ஆர்வம் இருக்காது, அச்சமும் எரிச்சலும் வரும், முற்றினால் சித்தம் கலங்கும். இத்தனையும் ஒரே ஒரு சத்து, நியாசின் என்ற பி வைட்டமின், உடம்புக்குக் கிடைக்காமல் போவதால் வருவது. வேறு எதுவும் கிடைக்காமல் சோளத்தை மட்டுமே நம்பியவர்களுக்கு இது ஏன் வருகிறது என்பதற்கு, சோளத்தில் மிகுதியாக உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் காரணமாக இருக்கலாம் என்று கோபாலனும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த விளக்கத்தைப் பற்றிப் பின்னால் விவாதங்கள் நடந்தன. உணவுக் குறையால் மனம் கலங்குகிறது, உணவைச் சரிசெய்தால் தெளிகிறது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. (சோளத்தின் மேல் பழி போட வேண்டாம். இன்று மாலையில் நம் தெருமுனைகளில் சுட்டுத் தரும் ஜொன்ன ரொட்டியைப் பருப்போடும் கீரையோடும் தயிரோடும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. குற்றம் தானியத்தில் இல்லை, தட்டில் அது ஒன்று மட்டுமே இருந்ததில்தான்.)

இதே நோயை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆராய்ந்தவர் ஜோசப் கோல்ட்பர்கர். அங்கே மனநலக் காப்பகங்கள் பெல்லாக்ரா நோயாளிகளால் நிரம்பியிருந்தன. பலரும் அதைத் தொற்று என்று நம்பினார்கள். காப்பகத்தில் அடைபட்டவர்களுக்கு வருகிறது, அவர்களைத் தொட்டுக் கவனிக்கும் பணியாளர்களுக்கு வரவில்லையே என்று அவர் கவனித்தார். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தட்டு வேறு. 1914 முதல் அநாதை இல்லங்களிலும் ஜார்ஜியா மாநில மனநலக் காப்பகத்திலும் பால், முட்டை, இறைச்சி, பயறு என்று உணவை மாற்றிக் காட்டியபோது நோய் விலகியது. ஒரே கூரை, வேறு தட்டு என்ற அவருடைய கவனிப்பு நமக்கும் பொருந்தும். ஒரே வீட்டில் பேரனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று மூன்று தட்டுகள் இருப்பதை நாம் இயல்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. மனம் சோர்ந்தவர்தானே சாப்பிடாமல் இருக்கிறார், நீங்கள் வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டுகிறீர்களே என்று கேட்கலாம். சோர்வு பசியைக் கொல்லும் என்பது உண்மைதான். துணையை இழந்த மறுமாதமே எடை இறங்குவதைப் பார்க்கிறோம். ஆனால் எதிர்த்திசையிலும் இது நடக்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சோதனை ஒன்று உண்டு. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியலாளர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டார். உடலாலும் மனத்தாலும் உறுதியானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் தரப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது மனத்துக்கு நேர்ந்தது. சிரிப்பு நின்றது, நண்பர்களை விட்டு விலகினார்கள், படிப்பில் கவனம் போயிற்று, சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். சாவு, பிரிவு, பணி ஓய்வு, மூட்டு வலி என்று அவர்களுக்கு எந்தக் காரணமும் கிடையாது, உணவு குறைந்தது ஒன்றைத் தவிர. 1,570 கலோரி என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டு மூத்தவர்கள் பலர் அதைவிடக் குறைவாகவே நாள்தோறும் சாப்பிடுகிறார்கள். வயதுக்கேற்ப அவர்களின் தேவையும் குறைவு என்பது சரி, ஆயினும் அவர்களுக்குக் கையிருப்பும் குறைவு. ஆகவே சோர்வால் உணவு குறைகிறது, குறைந்த உணவால் சோர்வு வளர்கிறது என்ற வட்டம்தான் உண்மை நிலை. வட்டத்துக்குத் தொடக்கம் எது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எந்த இடத்தில் அதை அறுக்க முடியும் என்பதே கேள்வி. துணைவியின் சாவை நம்மால் மாற்ற முடியாது. மதியச் சாப்பாட்டை மாற்ற முடியும்.

அந்த மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். காலையில் ஒரு காபி, இரண்டு ரஸ்க். பத்து மணிக்கு இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மிளகாய்ப்பொடி. மதியம் கையளவு ரசம் சாதம், பிறகு மோர்தான் சற்று அதிகம் என்னும்படியான தயிர்சாதம், ஒரு துண்டு நார்த்தங்காய். மாலையில் மறுபடி காபி. இரவில் ஒரு தோசை, அதுவும் பாதி மிஞ்சும். பார்க்கப் பட்டினி போலத் தெரியாது. ஐந்து வேளையும் ஏதோ உள்ளே போகிறது. ஆனால் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு இட்லியில் நான்கு கிராம், இரண்டு காபியின் பாலில் ஆறு, சோற்றிலும் தயிரிலும் பத்து, தோசையில் மூன்று. ரஸ்க்கையும் சேர்த்தால் இருபத்தைந்தை எட்டுவதே கடினம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். மூத்தோருக்கு இது போதாது, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தர வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2013இல் சொன்னது. நம் தட்டில் இருப்பது பாதி. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் மூளையில் உருவாகத் தேவையான டிரிப்டோபேன் புரதத்தில்தான் வருகிறது. தசை கரைந்து நடை தளர்ந்தால் வெளியே போவது நிற்கிறது, வெளியே போவது நின்றால் பேச்சு நிற்கிறது. குறையை நிரப்பப் பெரிய சமையல் தேவையில்லை. ரசத்துக்கு முன்னால் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு நெய்யோடு, மாலைக் காபியோடு ஒரு கிண்ணம் குழைய வேகவைத்த சுண்டல், பல் இல்லாதவரும் உண்ணும்படி வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். இவை நான்கும் சேர்ந்தால் இன்னொரு இருபத்தைந்து கிராம் வந்துவிடும். இட்லிக்குப் பதில் வாரம் மூன்று நாள் பாசிப்பயற்றுப் பெசரட்டு என்றால் இன்னும் நல்லது. அரை நூற்றாண்டு தெலுங்கு மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அது அந்நிய உணவு இல்லை. முட்டையும் மீனும் சாப்பிடும் வீடுகளில் வேலை இன்னும் எளிது.

புரதத்தை விடவும் கண்ணுக்குத் தெரியாத குறை பி12. நம் குடும்பங்களில் பலர் சைவம். தாவர உணவில் பி12 கிடையாது, பாலும் தயிரும்தான் வழி. வயதானால் அந்த வழியும் அடைபடுகிறது. உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். மூப்பில் அமிலச் சுரப்பு குறைகிறது. அதற்கு மேல் நெஞ்செரிச்சலுக்கு என்று தொடங்கிய பேன்டோபிரசோல் மாத்திரை ஆண்டுக்கணக்கில் காலை வெறும் வயிற்றில் தொடர்கிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும் நெடுநாள் எடுத்தால் பி12ஐக் குறைக்கும். சைவ உணவு, மெட்ஃபார்மின், அமிலத் தடுப்பு மாத்திரை என்ற மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நம் காலனியில் சாதாரணம். இரத்தச் சோகை இல்லை, ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 1988இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் லிண்டன்பாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பி12 குறையால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு இரத்தச் சோகையோ சிவப்பணுக்களின் வீக்கமோ இல்லவே இல்லை. மறதி, தள்ளாட்டம், குணமாற்றம் என்று வந்தவர்கள் அவர்கள். பி12 கொடுத்ததும் தேறினார்கள். எல்லா மறதியும் இப்படித் தேறாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா இருப்பதாக லாசியோடு இணைந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மூளையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய, ஊசியாலோ மாத்திரையாலோ திருத்திவிடக்கூடிய ஒரு காரணத்தைப் பார்க்காமலே ஒருவரை டிமென்ஷியா என்று ஒதுக்குவது அநியாயம்.

இந்தக் கட்டத்தில் சிலர், எங்கள் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை, அப்பா குண்டாகத்தான் இருக்கிறார், இது கிராமத்து ஏழைகளின் பிரச்சினை என்பார்கள். லாசி ஆய்விலேயே அறுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் அதிக எடை உடையவர்கள். எடை கூடியிருப்பதும் சத்துக் குறைந்திருப்பதும் ஒருவரிடமே இருக்க முடியும். அரிசியும் ரஸ்க்கும் பிஸ்கட்டும் வயிற்றைச் சுற்றிச் சதை போடும், பி12ஐயும் புரதத்தையும் தராது. இன்னும் சொல்லப்போனால், வசதியான வீடுகளில் குறை வேறு வழியில் வருகிறது, தடைகள் வழியாக. சர்க்கரை என்று பழத்தை நிறுத்துகிறோம், கொழுப்பு என்று முட்டையையும் நெய்யையும் நிறுத்துகிறோம், யூரிக் அமிலம் என்று பருப்பை நிறுத்துகிறோம், ரத்த அழுத்தம் என்று உப்பைக் குறைக்கிறோம். ஒவ்வொரு தடைக்கும் ஒரு காலத்தில் ஒரு காரணம் இருந்திருக்கும். பத்து வருடத்தில் எல்லாம் சேர்ந்து தட்டில் வெறும் சோறும் மோரும் மிச்சமாகின்றன. எந்தத் தடை இன்னும் தேவை என்று யாரும் மறுபடி மருத்துவரிடம் கேட்பதில்லை. சோடியம் குறைஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் என்ற பேச்சு கோடையில் நம் தெருக்களில் அடிக்கடி காதில் விழும். அழுத்தத்துக்கான நீர்மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, குறைந்த உணவு, தாகமே தெரியாத வயது எல்லாம் கூடும்போது சோடியம் இறங்கி ஆள் தடுமாறுகிறார், உளறுகிறார். முந்தின நாள் வரை அதை மூப்பின் குழப்பம் என்றே வீட்டார் நினைத்திருப்பார்கள். உப்பை நீங்களாகவே கூட்டச் சொல்லவில்லை. கேளுங்கள் என்கிறேன்.

அப்படியானால் ஒரு சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். மருந்துக் கடையில் நூறு பெயரில் கிடைக்கிறது. இதற்கும் சான்றைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 18,353 பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைட்டமின் டி மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. மனச்சோர்வைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பல சத்துகள் கலந்த மாத்திரையை வைத்து நடந்த சோதனையும் 2019இல் அதையே சொன்னது. என் வாதத்துக்கு இவை எதிர்ச்சான்று போலத் தோன்றும். அப்படி இல்லை. குறை இருப்பவருக்கு அந்தக் குறையை நிரப்புவது வேறு, இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை தூவுவது வேறு. பி12 குறைந்தவருக்கு பி12 மாத்திரை மருந்து, குறையாதவருக்கு அது செலவு. முழு உணவை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்த சோதனையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்டது. மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு உணவு ஆலோசனையும் மறு பிரிவினருக்குப் பேச்சுத் துணையும் பன்னிரண்டு வாரம் தரப்பட்டன. காய்கறி, பயறு, மீன், கொட்டைகள் பக்கம் உணவை மாற்றியவர்களில் 32 சதவீதத்தினருக்குச் சோர்வு நீங்கியது, மறு பிரிவில் 8 சதவீதத்தினருக்கு. சிறிய சோதனை, அதில் இருந்தவர்கள் நடுவயதினர், எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும். ஆகவே உணவு மனச்சோர்வைக் குணமாக்கிவிடும் என்று இதை வைத்து முழங்க மாட்டேன். உணவைக் கவனிக்காத சிகிச்சை அரைச் சிகிச்சை என்று சொல்ல இது போதும்.

மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இன்னொரு வேறுபாடு இருக்கிறது, என் மனத்தில் அதுவே பெரியது. மாத்திரையைத் தனியே விழுங்கலாம். சாப்பாட்டை மனிதர்கள் சேர்ந்து உண்பதற்காகவே உண்டாக்கிக்கொண்டார்கள். எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும் என்று சொல்லும் அம்மாவிடம் குறைவது பருப்பு அல்ல, பரிமாற ஓர் ஆள். மனைவி போன பிறகு சமையலறைப் பக்கமே பழக்கமில்லாத ஆணின் நிலை இன்னும் மோசம். ஜப்பானில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, தனியே வாழ்ந்து தனியே உண்ணும் ஆண்களுக்கு, தனியே வாழ்ந்தாலும் பிறரோடு சேர்ந்து உண்பவர்களைவிட மனச்சோர்வு இரண்டு மடங்குக்கு மேல் வருவதைக் காட்டியது. அமெரிக்கா இதை 1972லேயே சட்டமாக்கியது. மூத்தோருக்கான உணவுத் திட்டத்தில், ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து சாப்பிடும் மதிய உணவுக்குத் தனியே நிதி ஒதுக்கியது. பசியும் தனிமையும் சேர்ந்தே தீர வேண்டும் என்பது அதன் நோக்கம். நமக்கும் முன்மாதிரி உண்டு. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும் சேர்த்தே நினைக்கிறோம். மறு ஆண்டே, 1983இல், முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோடு தாத்தாக்களும் பாட்டிகளும் தட்டேந்தி வந்தார்கள்.

இதைச் சொன்னதும் மான உணர்வு குறுக்கே வரும். நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வூதியம் வாங்குகிறவர் காலனி மண்டபத்தில் போய்ச் சாப்பிடுவாரா, தர்மச் சாப்பாடு என்று நினைக்க மாட்டாரா என்பீர்கள். அந்த மானத்தை நான் மதிக்கிறேன். அதற்காகவே பணம் கொடுத்துச் சாப்பிடும் ஏற்பாடாக இருக்கட்டும். முடிந்தவர் சமைக்க, முடிந்தவர் காய் நறுக்க, முடிந்தவர் கணக்கு எழுத, அவர்களே நடத்தும் பந்தியாக இருக்கட்டும். கம்பெனி கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தானே இவர்கள். இன்னொரு தயக்கம் விரதம் பற்றியது. ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி, சனிக்கிழமை ஒருபொழுது என்று கூட்டினால் மாதத்தில் எட்டுப் பத்து நாள் ஆகிவிடும். நம்பிக்கையில் தலையிட எனக்கு உரிமையில்லை. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் மூத்தோருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்று நம் வீடுகளிலேயே சொல்லி வந்த வழக்கத்தை நினைவூட்டுகிறேன். எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த விலக்கை எடுத்துச் சொல்லும் பொறுப்பு வீட்டாருடையது. அன்று பாலும் பழமும் நிலக்கடலையும் நிறைவாகக் கொடுத்தால் விரதமும் காக்கப்படும்.

வீட்டார் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு முறை எடை பார்த்துச் சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் காரணமின்றி இறங்கினால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். எடை பார்க்க எழுந்து நிற்க முடியாதவருக்கு, தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை. உலகெங்கும் மூத்தோரின் ஊட்டத்தை அளக்கப் பயன்படும் ஆறு கேள்விப் படிவத்தில் இந்த இரண்டும் இருக்கின்றன. அதே ஆறில் ஒரு கேள்வி, இவருக்கு மனச்சோர்வோ மறதிநோயோ உண்டா என்பது. ஊட்டத்தை அளக்கிறவர்களே மனத்தையும் கேட்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். பி12, சோடியம், தைராய்டு பரிசோதனைகளை மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், எது இன்னும் வேண்டும் என்று கேளுங்கள். பல் செட் பொருந்தவில்லை என்றால் அதைச் சரிசெய்யுங்கள். மெல்ல முடியாதவர் சுண்டலைத் தொட மாட்டார். மனச்சோர்வு மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், சாப்பாடு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தட்டைத் திருத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். மூத்தோருக்கான உதவி எண் 14567.

சங்கத்தாரிடம் கேட்பது மூன்று. பூங்காவில் நடைக்கு வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் ஓர் எடை மேடை வையுங்கள், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். தார்நாகாவில் இருக்கும் ஊட்டச்சத்து அறிஞர்களை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் மூத்தோரோடு தெலுங்கிலும் தமிழிலும் பேச வையுங்கள். பிறந்தநாளுக்கும் கூட்டங்களுக்கும் மட்டும் திறக்கும் சமுதாயக் கூடத்தை, செவ்வாயும் வெள்ளியும் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூத்தோர் பந்திக்கு விடுங்கள். கெட்டிப் பருப்பு, ஒரு கீரை, ஒரு காய், தயிர், வேண்டியவர்களுக்கு முட்டை. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் வரட்டும், வேலை செய்த காலத்தில் அப்படித்தானே இருந்தார்கள். வராதவர் யார் என்று பார்த்து, அந்த வீட்டுக் கதவை அன்று மாலையே ஒருவர் போய்த் தட்டட்டும். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். எதிர்ப்பவர்கள் இருந்தால் அவர்களுடைய காரணத்தையும் எழுதி வையுங்கள், பதில் சொல்லலாம். முதல் பந்தி நாளில் காய் நறுக்க நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்டை வீட்டாரில் ஒருவர்